படலையில் சொல்ல வேண்டிய சேதி

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையைக் காலி செய்துவிட்டுப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வருடம் எங்கள் நோன்பு நாட்களான தபசு காலம் தொடங்குவதற்கு முந்திய வாரங்களில், முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைக்கும் கொக்கிளாய்க்கும் ஒட்டுசுட்டானுக்குமாக நான் நாயாய் அலைந்தேன். செத்துப்போன ஒருவர் செத்ததைக் கண்ணால் கண்ட ஓர் ஆளைத் தேடித்தான் அந்த அலைச்சல். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செத்துப்போனவர் என் அக்காவின் புருஷன். உலகச் சண்டைக் காலத்தில் ஓர் இங்கிலாந்துப் போர்க்கப்பலின் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தவர். கரைவலையில் கிடைக்கிற பங்கு குடும்பத்துக்குப் போதாது, சண்டை முடியுமட்டும் உழைத்துவிட்டு வந்து சொந்த வள்ளம் வாங்கலாம் என்பது அத்தானின் திட்டம். கலியாணம் முடித்துச் சில மாதங்களிலேயே போய்விட்டார். யப்பான்காரன் கிழக்குப் பக்கம் வந்து குண்டு போட்ட நாட்களில் அந்தக் கப்பல் கடலில் மூழ்கியது. சில காலம் கழித்து, ஆளைக் காணவில்லை என்று மட்டும் அறிவித்தார்கள். செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. காணவில்லையாம். அந்த ஒரு சொல்லோடு அக்கா தன் இளவயது முழுவதையும் கழித்தாள்.

நான் அப்போது சின்னவன். வளர்ந்து, கருவாடு போட்டு, அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு உள்ளூர்ப் பக்கக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்கிற தொழிலுக்கு வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் அக்காவும் நானும்தான்.

அப்படியிருக்கையில்தான் எங்கள் ஊரில் வள்ளம் கட்டுகிற ஓடாவி ஒருவர் அக்காவைக் கேட்டு வந்தார். பெண்சாதியை முதற்பிள்ளைப் பேற்றில் இழந்தவர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் அரைவாசி வசனம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். என்னிடம் வந்து நின்று, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கட அக்காவுக்கு விருப்பமெண்டா..." என்றார். மீதியை நான்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அக்காவிடம் சொன்னேன். ஒரு கிழமை கழித்து, மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், "ஓடாவியார் பேந்தும் வந்தவரோ?" என்று கேட்டாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கச் சனம். கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, யாருக்கும் மறுப்பு உண்டா என்று கேட்காமல் கலியாணம் இல்லை. சுவாமியாரிடம் போனேன். நல்ல மனிதர், எங்கள் வீட்டுக் கஷ்டமெல்லாம் தெரிந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். காணவில்லை என்றால் காணவில்லைதான், அதை வைத்து உன் அக்காவை விதவை என்று நான் எழுதமுடியாது, அந்த மனிதர் செத்ததைப் பார்த்தவர் யாராவது சத்தியம் பண்ணிச் சொல்லட்டும் என்றார். பர்மாவில் சிறைப்பட்டுக் கிடந்தவர்கள் வருடங்கள் கழித்து வீட்டுக் கதவைத் தட்டிய கதையெல்லாம் எனக்குச் சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல் கோபப்பட முடியாமற்போவது இன்னும் பெரிய கோபம்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் மாமி, அத்தானின் தாய். கோவிலடி ஒழுங்கையில் தனியாக இருந்தார். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று அந்தோனியாருக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் திரி கொளுத்திக்கொண்டிருந்தார். ஆத்துமாக்களின் திருநாளில் ஊரே கல்லறைகளுக்கு விளக்கேற்றும்போது, அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒரு மெழுகுதிரி பிடித்தால் மாமி தாங்கமாட்டார் என்று பயம். மருமகளும் மாமியாரும் ஒருவர்மேல் ஒருவர் உயிர். அக்கா காய்ச்சுகிற குழம்பில் ஒரு பங்கு ஒவ்வொரு மத்தியானமும் அந்த வீட்டுக்குப் போகும். ஓடாவியின் கதை காதில் விழுந்ததும் மாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு சொல்ல நீ ஆரடா? ஓலை வாசிக்கட்டும், நான் கோவிலுக்குள்ள எழும்பி நிண்டு, இவளுக்குப் புருசன் இருக்கிறான் எண்டு சொல்லுவன்!"

சொன்னால் செய்கிற மனுஷி. ஓடாவியின் தமக்கையோ மன்னாரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, தபசு காலத்தில் கலியாணம் வைக்கமாட்டார்கள், அதற்கு முன் ஒரு முடிவு சொல்லு என்று அவரை நெருக்கிக்கொண்டிருந்தார். அக்கா எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு வழியும் அடைபட்டால் அவளுடைய வாழ்க்கை இப்படியே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கடலோடு போன ஒருவர் வருவாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாததற்காக, கரையில் நிற்கிற ஒருத்தி ஏன் இப்படிக் காய வேண்டும்? கருவாட்டு வியாபாரத்தைப் போட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

முதலில் திருகோணமலை. துறைமுக வாசலில் ஒரு காவற்காரன் மற்ற வாசலுக்குப் போகச் சொன்னான். மற்ற வாசலில் இருந்தவன் முதல் வாசலுக்குப் போகச் சொன்னான். வெயிலில் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒருவழியாக உள்ளே ஒரு கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே புதிதாக வந்திருந்த இளம் உத்தியோகத்தர், பழைய விபரமெல்லாம் வெள்ளைக்காரர் தங்களோடு கொண்டுபோய்விட்டார்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். போகட்டும் என்று திரும்பியிருப்பேன். அந்த மனிதர் சும்மா இருக்காமல், "போன வருசம் வந்திருந்தா ஏதும் பாத்திருக்கலாமே" என்றார். அத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு ஆட்கள் போன பிறகு வந்து நிற்கிற என் விதியை நினைத்து, பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தது கொக்கிளாய். அங்கே ஒருவர் அந்தக் கப்பலில் இருந்தவர் என்று எல்லாரும் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கதை சொல்வதில் மன்னன். களப்புக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர், என் அத்தானின் பெயரைக் கேட்டதும் எழும்பி நின்றுவிட்டார். குண்டு விழுந்தது, கப்பல் சரிந்தது, அத்தான் குசினிக் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலில் குதித்தது எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். கப்பல் சரிந்த விதத்தைக் காட்டும்போது தானும் சரிந்து மணலில் விழுந்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தான் தண்ணீருக்குள் போனதைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டதாகச் சொன்னார். சத்தியம் பண்ண வருவாரா என்று கேட்டேன். ஏன் வரமாட்டேன் என்றார்.

கையோடு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தேன். வழி முழுக்கக் கதை. பக்கத்து ஆசனத்தில் இருந்தவர்களுக்கும் கதை. அக்காவுக்குக்கூட நான் சொல்லவில்லை, காரியம் முடிந்த பிறகு சொல்லலாம் என்று நேரே சுவாமியாரின் அறைக்குக் கூட்டிப்போனேன். சுவாமியார் ஒன்றுமே கேட்கவில்லை. வேதப்புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, இதில் கையை வைத்துச் சொல்லும் என்றார். நம்முடைய ஆளின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"சுவாமி... சத்தியம் எண்டா... நான் அண்டைக்குத் துறைமுகத்தில வேற கப்பலுக்கு மை பூசிக்கொண்டு நிண்டனான். உந்தக் கப்பலில நான் ஏறினதேயில்லை."

அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது, சுவாமியார் இருந்தபடியால் அவர் தப்பினார். வெளியே கோவில் படியில் வைத்து, ஏன் இப்படிச் செய்தீர் என்று கத்தினேன். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஒரு பொம்பிளைப்பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் எண்டுதான் தம்பி" என்றார். அதைக் கேட்டதும் என் கோபத்துக்குப் போக இடமில்லாமற்போனது. நல்ல எண்ணத்தில் பொய் சொல்கிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

பஸ் வரும்வரை மரத்தடியில் இருந்தோம். அப்போதுதான் அந்த மனிதர், இதை முதலே சொல்லியிருக்கலாமே என்று நான் தலையில் அடித்துக்கொள்ளும்படி, ஒரு உண்மையைச் சொன்னார். கப்பலில் தப்பினவர்களைக் கரைக்குக் கொண்டுவந்தபோது அதில் ஒரு தமிழன் இருந்தானாம். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிருந்ததாம். அந்தக் கப்பலின் குசினி ஆள் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். அதே ஆளைப் போன வருடம் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலில் கண்டாராம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் குடியேற்றத்தில் காணி கிடைத்து வயல் செய்கிறார் என்று கேள்விப்பட்டாராம். கத்தியைப் பல்லில் கடித்த கதைக்கு மத்தியானம் முழுவதையும் செலவழித்த மனிதர், இதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

அடுத்த நாளே சைக்கிளில் கருவாட்டையும் கட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குப் புறப்பட்டேன். போகிற வழியும் சும்மா வழியில்லை. காட்டுக்கரையில் முதல்நாள் யானை வந்து வாழையெல்லாம் மிதித்துப் போட்டிருந்தது. மாலைக்கு முதல் திரும்பிவிடு என்று கண்டவர்களெல்லாம் சொன்னார்கள். விசாரித்து விசாரித்துக் காணியைக் கண்டுபிடித்தேன். அவருடைய மனைவி வெளியே வந்து, விதைநெல் எடுக்க வவுனியாவுக்குப் போய்விட்டார் என்றார். சரி என்று திரும்பினேன்.

இரண்டாம் முறை போனேன். அப்போது காட்டுக்குத் தடி வெட்டப் போயிருந்தாராம். ஆனால் அந்த மனுஷி என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்புறத்திலிருந்து சுருட்டுப் புகை வந்துகொண்டிருந்தது. தடி வெட்டப் போன மனிதர் சுருட்டை மட்டும் வீட்டில் விட்டுவிட்டா போனார்? மிச்சமிருந்த கருவாட்டை அந்தக் கிராமத்திலேயே அரைவிலைக்குக் கொடுத்துவிட்டு, வழி முழுவதும் அவரைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

மூன்றாம் முறை நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வயலுக்குப் போனேன். வாய்க்காலில் மடை கட்டிக்கொண்டு நின்றார். சட்டை இல்லை. வலது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி மினுங்கியது. நான் ஊரைச் சொன்னேன், அத்தானைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன். மண்வெட்டியை நிறுத்தாமல், "நீங்கள் ஆள் மாறி வந்திட்டியள் தம்பி. எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது" என்றார்.

அதோடு எனக்குப் பொறுமை முடிந்துவிட்டது. திருகோணமலை, கொக்கிளாய், சுவாமியார், மாமி, யானை, சுருட்டு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அந்த வரம்பில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. அக்கா ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கிறாள் என்று சொன்னேன். ஓடாவியைச் சொன்னேன். தபசு காலம் வரப்போகிறது என்று சொன்னேன். சைவக்காரரான அவருக்குத் தபசு காலத்தைப் பற்றி என்ன தெரியும் என்றுகூட யோசிக்கவில்லை. சத்தம் கேட்டு அவருடைய மனைவி மூக்குப்பேணியில் தண்ணீரோடு ஓடி வந்து, "ஏன் தம்பி வெய்யிலுக்க நிண்டு கத்துறியள், முதல் இதைக் குடியுங்கோ" என்று நீட்டினார்.

"உங்கட தண்ணி எனக்கு வேண்டாம். நான் வந்த கதை முடியுமட்டும் ஒரு சொட்டும் வாயில வைக்கமாட்டன்!"

அந்த மனுஷியின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, என்ன இழவே சொல்ல வந்தனீங்கள்?" என்று மார்பில் கையை வைத்தார். அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் இழவு சொல்லப் போகிறவன் வேலிப் படலையைத் தாண்டி உள்ளே வரமாட்டான். தண்ணீரும் வாங்கிக் குடிக்கமாட்டான். வெளியில் நின்று சேதியைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நாங்கள் வேதக்காரர், அவர்கள் சைவக்காரர், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒன்று. நான் கோபத்தில் சொன்னது அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை வேறு. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பிலேயே இருந்துவிட்டார்.

"நானும் அண்டைக்கு இப்பிடித்தான் சொல்லியிருக்க வேணும் தம்பி" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். கை ஆறி, நடமாடத் தொடங்கிய உடனேயே, அத்தான் செத்ததைச் சொல்வதற்கென்றே யாழ்ப்பாணம் போகிற வழியை விட்டு முல்லைத்தீவுக்கு வந்திருக்கிறார். அப்பாவும் நானும் மீன்வாடியில் நின்றிருப்போம், அம்மா எங்கேயோ. வீட்டில் அக்கா மட்டும்.

"நல்ல வெய்யில். நான் படலையில வந்து நிண்டு வாய் திறக்க முதல், தூரத்தால வாறியள் போல, முதல் சாப்பிடுங்கோ, பேந்து கதைப்பம் எண்டு உங்கட அக்கா உள்ள கூப்பிட்டவா. மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. போயிட்டன். அதுதான் நான் விட்ட பிழை. சோறு போட்டா, மீனில பெரிய துண்டாப் பாத்துப் போட்டா. போட்டிட்டுச் சொல்லுறா, என்ர மனிசனும் இப்ப எங்கயோ ஆற்றையோ வீட்டில இப்பிடித்தான் இருந்து சாப்பிடுவார் எண்டு. அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது? ஒரு வீட்டுச் சோத்தைத் திண்டிட்டு அந்த வீட்டுக்கே இழவு சொல்லலாமோ?"

என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அக்கா கடைசியில் கேட்டிருக்கிறாள். கருவாடு வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டார். அக்கா கருவாட்டையும் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கடற்படைக்காரர் எப்படியும் அறிவித்துவிடுவார்கள் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாராம். கடிதம் எழுதலாம் என்று பலமுறை இருந்து பார்த்தாராம், அந்தச் சோறு ஞாபகம் வருமாம்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இந்த மனிதர் மேலா? அவர் சொல்லத்தானே வந்தார். அக்காமேலா? அவள் பசித்து வந்தவருக்குச் சோறு போட்டாள், அவ்வளவுதான். யார் வந்தாலும் வாயைத் திறக்கவிடாமல் சாப்பிடச் சொல்கிற எங்கள் வீட்டுப் பழக்கத்தின்மேலா? ஒரு நேரச் சாப்பாடு என் அக்காவின் இத்தனை வருடத்தைத் தின்றுவிட்டது. ஆனால் அந்த மனிதர் குனிந்து, வெந்த கையால் முகத்தைத் துடைத்ததைப் பார்த்த பிறகு என்னால் மேலே கத்த முடியவில்லை.

சுவாமியாரிடம் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். "வாறன். ஆனா முதல் அந்தப் படலைக்குப் போகவேணும்" என்றார்.

தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்திய ஒரு காலை, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நான் முன்னால் நடந்தேன். எங்கள் படலையடியில் வந்ததும் அவர் நின்றுவிட்டார். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு, வழக்கம்போல, "வாங்கோ, வாங்கோ, ஏன் வெளியில நிக்கிறியள்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள்.

"தண்ணி வேண்டாம் தங்கச்சி" என்றார்.

அக்கா செம்போடு நின்றாள். அவர் சொல்லத் தொடங்கினார். தானும் அத்தானும் ஒரே குசினியில் வேலை செய்ததை, ஒரே சட்டியில் சாப்பிட்டதை, கப்பல் சரிந்ததை, இரண்டு பேரும் ஒரு பலகையைப் பிடித்ததை. குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. இத்தனை வருடமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார் போலிருக்கிறது. அத்தானுக்கு நெஞ்சிலும் முகத்திலும் எரிகாயம். பொழுதுபடும் நேரத்தில் உயிர் போய்விட்டது. அதன் பிறகும் இருட்டும்வரை அத்தானின் உடலை இவர் பிடித்துக்கொண்டு கிடந்து, கை மரத்துப்போன பிறகுதான் விட்டிருக்கிறார்.

அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "கடைசியில ஏதும் சொன்னவரோ?"

"மாதாவே எண்டு கூப்பிட்டவர். செபம் சொல்லு, செபம் சொல்லு எண்டு என்னைக் கேட்டவர். நான் சைவக்காரன் தங்கச்சி, எனக்கு உங்கட செபம் ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச தேவாரத்தைப் பாடினனான். திருப்பித் திருப்பி அதையே பாடினனான். அவர் கேட்டுக்கொண்டு கிடந்தவர்."

அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதாள். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அத்தனை வருடம் அடைத்து வைத்திருந்த அழுகை, அடக்க நானும் போகவில்லை, அவரும் போகவில்லை. கனநேரம் கழித்து அக்கா எழும்பினாள். முகம் கழுவவில்லை, தலை கட்டவில்லை. "மாமி இதை வேற ஆற்றையும் வாயால கேக்கக்கூடாது. நான் போறன். நீங்கள் ரெண்டு பேரும் வாங்கோ" என்று படலையைத் தாண்டி நடந்தாள்.

ஒழுங்கை முழுக்க எனக்குப் பயம். மாமி என்ன சொல்வார், கல்லை எடுத்து எறிவாரா, சாபம் போடுவாரா என்று கலங்கிக்கொண்டே போனேன். மாமி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தினமும் அந்தப் படலையைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிவரை போகிற அக்கா, அன்றைக்கு வெளியே நின்றாள்.

"என்ன பிள்ளை அங்கயே நிக்கிறாய்? உள்ள வா. தேத்தண்ணி வைக்கிறன்."

"தண்ணி வேண்டாம் மாமி."

அவ்வளவுதான் அக்கா சொன்னாள். அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. மாமி சுளகை மெதுவாகக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். எத்தனையோ சாத்திரக்காரரும் கப்பற்காரரும் சொல்லி நம்பாததை, மருமகள் வெளியே நின்ற நிலையில் நம்பிவிட்டார்.

"ஆர் கண்டது?" என்று கேட்டார்.

அக்கா அந்த மனிதரைக் காட்டினாள். மாமி எழும்பி வந்து, அவருடைய வெந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்ர பிள்ளையப் பிடிச்சிருந்த கை இதுவோ?" என்றார். அவர் ஓம் என்றார். மாமி அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்த மனிதர் முதல்முறையாக உடைந்து அழுதார். கொஞ்ச நேரத்தில் மாமி என் பக்கம் திரும்பினார்.

"எட அறுவானே, இவர் இஞ்ச ஒட்டுசுட்டானிலதானே இருந்திருக்கிறார். நீ ஏன்டா இவ்வளவு காலமும் இவரைக் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

மாமியிடம் நான் வாங்கிய ஏச்சுகளில் அதை மட்டும் இன்றுவரை சுகமாக நினைத்துக்கொள்கிறேன்.

அன்று மத்தியானமே அவர் சுவாமியாருக்கு முன்னால் சத்தியம் பண்ணினார். வேதப்புத்தகத்தில் கை வைக்கலாமா என்று அவரே தயங்கினார், உம்முடைய கடவுளை நினைத்துச் சொல்லும், அது போதும் என்றார் சுவாமியார். இரண்டு வீட்டிலும் அன்று அடுப்பு மூட்டவில்லை. துக்க வீடல்லவா. ஆகவே இந்த முறை எங்களால் அவருக்கு ஒழுங்காக ஒரு சாப்பாடு போட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த கஞ்சியைத்தான் எல்லாரும் சேர்ந்து குடித்தோம்.

தபசு காலம் வந்துவிட்டதால் கலியாணம் தள்ளிப்போனது. தன் தமக்கை மன்னாரிலிருந்து சேதிமேல் சேதி அனுப்பியும் ஓடாவி அசையவில்லை. "அவவுக்கு அழ வேண்டியது கனக்க இருக்கு. அழட்டும். நான்..." என்றார். வழக்கம்போல மீதியைச் சொல்லவில்லை. அத்தானுக்கு ஆத்துமப் பூசை வைத்தோம். மாமி முன்வரிசையில் இருந்தார். உயிர்த்த ஞாயிறு கழிந்து கோவிலில் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு மாமியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழும்பவில்லை. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா பிறகும் ஒவ்வொரு மத்தியானமும் அந்த வீட்டுக்குக் குழம்பு கொடுத்து அனுப்பினாள். கொண்டுபோனது ஓடாவி.

இப்போது எனக்கும் குடும்பம் உண்டு. யார் வீட்டுக்கு வந்தாலும், கதிரையைக் காட்டுவதற்கு முன்னால், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டுவிடுவேன். இது என்ன மரியாதையில்லாத பழக்கம், ஆட்களை வாசலில் நிற்பாட்டி விசாரிக்கிறீர்களே என்று என் மனைவி ஏசுவாள். அவள் ஏசுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்போடு போட்ட சோறு ஒரு நல்ல மனிதரின் வாயை அத்தனை வருடம் அடைத்து வைத்ததைக் கண்ட பிறகு, என் வீட்டுக்கு வருகிறவர் என்ன சேதியோடு வந்திருந்தாலும், அதை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடட்டும் என்றுதான் நினைக்கிறேன்.